கல்யாணக் கார்டு உடுத்திய பாகற்காய்

மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில் எங்கள் வரிசை வீட்டு முன்புறத்தில், கார் நிறுத்தியது போக மிச்சமிருக்கும் இடத்தை நான் தோட்டம் என்று சொல்லிக்கொள்வேன். என் மாமனார் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஜாசின் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தே தலை நரைத்தவர் அவர். முதல்முறை வந்தபோது, ஐஸ்கிரீம் டப்பாக்களில் நின்ற நாலு வெண்டைச் செடிகளையும் வேலியில் ஏறிய பாகற்கொடியையும் சுற்றிப் பார்த்தார். அதாவது, நின்ற இடத்திலேயே ஒருமுறை திரும்பினார். பிறகு கேட்டார்:

"மாப்ள, தோட்டம் எங்க?"

எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் பிள்ளைகள் என் பொறுப்பு. மகளுக்கு ஏழு வயது, தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு. மகனுக்கு நாலு. இருவரையும் கைப்பேசிப் பக்கம் போகவிடாமல் கைவேலையும் செடிவேலையுமாக வளர்க்கிறேன் என்று நான் வெளியில் சொல்வதுண்டு. கைவேலையை எப்படிச் செய்வது என்று கைப்பேசியில் பார்ப்பவன் நான் என்பதைச் சொல்வதில்லை. காணொளியில் முட்டை அட்டை பத்து நிமிடத்தில் ஆமையாகிறது. எங்கள் வீட்டில் ஒன்றரை மணி நேரம் கழித்தும் அது முட்டை அட்டையாகவே இருந்தது. என் முழங்கை மட்டும் மேசையோடு ஒட்டியிருந்தது.

"அப்பா, இது ஆமையா?" என்று மகன் கேட்டான்.

"தூங்குற ஆமைடா," என்றேன்.

இந்தக் கதைக்குள் போகுமுன் ஒரு பழைய குற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். அதைச் செய்தவனும் நான்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன் என் கல்யாணத்தின்போது மாமனார் கால் உடைந்து படுத்திருந்தார். மாமியாருக்கு ஒரே ஒரு தம்பி, கிளேபாங்கில் இருக்கிறார். என் மனைவிக்குத் தாய்மாமன். தாய்மாமனுக்குக் கார்டு எப்படிப் போக வேண்டும் என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்து, நேரில் போய், இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். மாமனார் எழுந்து நடக்க முடியாத நிலையில், "கவலப்படாதீங்க, நான் இருக்கேன்ல, நானே கொண்டுபோய்க் குடுத்துர்றேன்" என்று மார்தட்டினேன். அந்த வாரக் கடைசியில் கிளேபாங் சாலையில் கார்கள் நின்ற வரிசையைப் பார்த்தேன். கார்டில் தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

மாமா கல்யாணத்துக்கு வரவில்லை. மணப்பெண்ணுக்கு மாமன் மாலை போட யாரோ ஒரு தூரத்துச் சொந்தத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். அதிலிருந்து மாமாவுக்கும் மாமியாருக்கும் பேச்சில்லை. அக்காதான் தபாலில் அனுப்பச் சொன்னார் என்று அவர் நினைத்துக்கொண்டார். அக்கா போன் செய்தால் எடுப்பதில்லை. நேரில் போனால் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

இப்போது மனைவியின் தங்கைக்குக் கல்யாணம். "மாப்ள போட்ட முடிச்ச மாப்ளயே அவுக்கட்டும்" என்று மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். என் நண்பர்களுக்குப் பத்துக் கார்டு, மாமாவுக்கு ஒன்று, ஆகப் பதினொன்றை என்னிடம் கொடுத்தார்கள். மாமாவின் கார்டுக்கு மாமியாரே நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கண்ணில் ஒற்றி, என் கையில் வைத்தார். "தம்பி வந்தா போதும் மாப்ள. வேற ஒண்ணும் வேணாம்" என்றார். அவர் குரல் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நான் விளையாட்டாக எதுவும் பேசாத தருணங்கள் வாழ்க்கையில் சில உண்டு. அது ஒன்று.

கார்டு மூன்று வாரமாக வீட்டில் இருந்தது. வேலை அதிகம், மழை, காரில் ஏதோ சத்தம். உண்மையில் பயம். கார்டுகள் பத்திரமாக இருக்கட்டும் என்று ஓர் இழுப்பறையில் வைத்திருந்தேன். பிள்ளைகள் படம் வரையும் தாள்களும் அதே இழுப்பறையில்தான் இருந்தன.

அந்தச் சனிக்கிழமை மனைவி தங்கையை அழைத்துக்கொண்டு ரவிக்கை அளவு கொடுக்க மலாக்கா டவுனுக்குப் போயிருந்தாள். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம். பாகற்கொடியில் விரல் அளவுக்குப் பிஞ்சு விட்டிருந்தது. பாகற்காய் போட்டவர்களுக்குத் தெரியும், இந்த நேரத்தில் ஓர் ஈ வந்து பிஞ்சில் முட்டையிட்டுவிட்டுப் போகும். காய் பார்வைக்கு அழகாக இருக்கும். நறுக்கினால் உள்ளே ஒரு குடும்பமே குடியிருக்கும். அதனால் ஒவ்வொரு பிஞ்சுக்கும் பழைய பேப்பரைக் குழாய்போலச் சுற்றி மாட்டிவிடுவோம். மகன் அதற்கு வைத்த பெயர் சட்டை.

"வாங்க, இன்னிக்குப் பாகக்காய்க்குச் சட்டை தைக்கலாம்," என்றேன்.

தைக்கலாம்தான். பேப்பர் எங்கே? நாங்கள் செய்தித்தாள் வாங்குவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. எல்லாம் கைப்பேசியில்தான். கைப்பேசியைப் பாகற்காயில் சுற்ற முடியாது.

"வீட்டுக்குள்ள போய்க் கெட்டியான பேப்பரா பாத்து எடுத்துட்டு வாங்க. மழைக்குத் தாங்கணும்," என்று சொல்லிவிட்டு நான் ஏணியில் ஏறி வலையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இது போதுமா?" என்று கீழேயிருந்து மகள் குரல்.

நான் திரும்பவில்லை. "கெட்டியா இருக்கா?"

"ரொம்பக் கெட்டி!"

"அப்ப சூப்பர் லா. வெள்ளப் பக்கத்த வெளிய வெச்சுச் சுருட்டுங்க. அதுல படம் வரையலாம்."

இதைவிடத் தெளிவாக ஒரு தகப்பன் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள முடியாது. இருவரும் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வரைந்தார்கள். மகள் பூனை, ஆந்தை, பள்ளிக்கூட பஸ் வரைந்தாள். மகன் எல்லாவற்றிலும் மீன் வரைந்தான். அவர்கள் சுருட்டிக் கொடுக்கக் கொடுக்க நான் ஏணியில் நின்று ஒவ்வொன்றாகக் காயில் மாட்டி ஸ்டேப்ளர் அடித்தேன். பதினொன்று. எண்ணிக்கைகூட எனக்கு எதையும் நினைவுபடுத்தவில்லை. என்ன அருமையான தாள், மொடமொடவென்று நிற்கிறதே என்றுதான் நினைத்தேன்.

கொடி முழுக்கப் பதினொரு வெள்ளைச் சட்டைகள் ஆடின. அழகாகத்தான் இருந்தது. பிள்ளைகளை இரண்டு பக்கமும் நிறுத்திப் படம் எடுத்து, "இந்தக் காலத்திலும் இப்படி வளர்க்கலாம்" என்று ஒரு வரி எழுதிக் குடும்பக் குழுவில் போட்டேன். அந்தக் குழுவில் நாற்பது சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அதில் பாதிப் பேருக்குச் சேதி கொண்டுபோவதுதான் முழுநேர வேலை.

ஐந்து நிமிடத்தில் மனைவி கூப்பிட்டாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏங்க, படத்துல இடமிருந்து மூணாவது பாகக்கா இருக்கே."

"ஆமா, அந்த மீனு தம்பி வரைஞ்சது."

"மீனு இருக்கட்டும். மீனுக்குக் கீழ, மடிஞ்ச ஓரத்துல பிள்ளையார் தெரியுறாரு."

"பிள்ளையாரா?"

"தங்கக் கலர்ல. கொஞ்சம் மடிப்பத் தொறந்து பாருங்க, யாருக்குக் கல்யாணம்னு போட்டிருக்கு?"

ஏணியில் ஏறினேன். ஸ்டேப்ளரைப் பிய்த்தேன். உள்ளே, பாகற்காயின் முள்ளு முதுகை அணைத்தபடி என் கொழுந்தியாளின் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. "அலமாக்," என்று மலாயில் ஓர் ஐயோ மட்டும் வாயில் வந்தது. வேறு எதுவும் வருவதற்குள் மழை வந்துவிட்டது. மலாக்கா மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. நான் ஏணியிலும் பிள்ளைகள் குடையோடு கீழேயுமாக ஒவ்வொன்றையும் கழற்றி முடிப்பதற்குள் பதினொன்றும் ஊறிவிட்டன. எட்டாவதில் நாலு மூலையிலும் மஞ்சள் இருந்தது. அது என் விரலில் வழிந்தது.

மனைவி வீட்டுக்கு வந்தபோது நாங்கள் மூவரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மேசைமேல் ஈரக் கார்டுகள் கருவாடுபோலக் காய்ந்துகொண்டிருந்தன.

"நல்ல காரியத்துக்குப் பாகக்காயா?" என்றாள். "திதிக்கு வெக்கிற காய்ங்க அது. வேற காயே கெடைக்கலயா உங்களுக்கு?"

"வெண்டைக்காய்க்கு அந்த ஈ வராதும்மா," என்றேன். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

என் நண்பர்களை விட்டுவிடலாம். அவர்களுக்குப் படம் அனுப்பினாலே சோற்றுக்கு வந்துவிடுவார்கள். மாமாவின் கார்டு? மாமனாரிடம் மிச்சம் ஒன்றுகூட இல்லை. திரும்ப அச்சடிக்க ஒரு வாரம் ஆகும் என்றது அச்சகம். அதற்குள் குழுவில் இருக்கும் யாராவது கிளேபாங்குக்குச் சேதி கொண்டுபோய்விடுவார்கள்: போன தடவை உன் கார்டைத் தபாலில் போட்டவன், இந்தத் தடவை பாகற்காயில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான்.

"கோயில்ல மொதல் கார்டு பிள்ளையார் காலடியில வெச்சோமே," என்று மெல்ல ஆரம்பித்தேன். "அவரு இந்நேரம் படிச்சு முடிச்சிருப்பாரு, அத எடுத்து..."

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் பிள்ளையாரே எழுந்து போயிருப்பார்.

அப்போதுதான் மகள் அழ ஆரம்பித்தாள். கார்டு போய்விட்டதால் சித்தி கல்யாணம் நடக்காது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். கல்யாணம் நடக்கும், தாத்தாதான் வரமாட்டார் என்று விளக்கினோம். எந்தத் தாத்தா என்றாள். அம்மாச்சியின் தம்பி, நீ பார்த்ததே இல்லை என்றாள் மனைவி. ஏன் பார்த்ததில்லை என்று கேட்டாள் மகள். மனைவி என்னைக் கைகாட்டினாள்.

முழுக் கதையையும் சொன்னேன். கேட்டு முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப நானே ஒரு கார்டு செஞ்சு தரேன்," என்றாள்.

நான் சிரிக்கப் போனேன். மனைவி சிரிக்கவில்லை. அன்றைக்கு வாங்கி வந்த புடவைப் பெட்டியைக் கொட்டி, அதன் வெள்ளை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தாள். நான் தோட்டத்துக்குப் போய், பறிக்க மறந்து முற்றிப்போன வெண்டைக்காய் இரண்டைக் கொண்டுவந்தேன். என் சோம்பேறித்தனம் உதவிய ஒரே இடம் அது. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, குழைத்த மஞ்சளில் தொட்டு அட்டையில் வைத்தால் ஐந்து இதழ்ப் பூ விழும். பிஞ்சு நசுங்கிவிடும், முற்றல்தான் அச்சுக்கு நிற்கும். மகன் ஓரம் முழுக்கப் பூ வைத்தான். நடுவில் குங்குமத்தில் தன் கட்டை விரலையும் வைத்தான். மகள் கைப்பேசியில் கார்டின் படத்தைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள். சித்தி பெயர் பாதி அட்டையை எடுத்துக்கொண்டது. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. தேதிக்கு அதைவிடக் கொஞ்சம்.

மறுநாள் ஞாயிறு. "நீயும் வாயேன்," என்று மனைவியிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"நான் வந்தா என் மொகத்தப் பாத்து மாமா மன்னிச்சிருவாரு. உங்க தப்பு அப்படியே நிக்கும். நீங்களே போங்க. பொய் மட்டும் சொல்லாதீங்க, உங்களுக்கு அது வராது," என்று வெற்றிலை பாக்குத் தட்டைக் கையில் கொடுத்தாள்.

கிளேபாங் சாலையில் அதே நெரிசல். மாமா ரோட்டோரத்தில் பீசாங் கோரெங் கடை வைத்திருக்கிறார், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிப்பது. பெரிய குடை, பெரிய சட்டி, முன்னால் பத்துப் பேர் வரிசை. கழுத்தில் துண்டு, கருகருவென்று மீசை. ஒரு கையில் தட்டும் மறு கையில் மகனுமாக வரிசையில் நின்றேன். மகள் தன் அட்டையோடு பக்கத்தில் நின்றாள். என் முறை வந்தது. அவர் நிமிரவில்லை.

"எத்தன பாக்கெட்?"

"மாமா, நான்..."

"பின்னால ஆளு நிக்குறாங்க. எத்தன பாக்கெட்டுன்னு சொல்லு."

"மூணு," என்றேன். வேறு என்ன சொல்ல?

வாங்கிக்கொண்டு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனேன். மறுபடி என் முறை.

"இப்பத்தானே வாங்குன?"

"ஆமா மாமா. அது வந்து..."

"எத்தன?"

"ரெண்டு."

மூன்றாவது முறை போய் நின்றபோது, தட்டு, மகன், ஐந்து பாக்கெட் பீசாங் கோரெங் எல்லாம் சேர்ந்து என் கைகளில் இடமே இல்லை. மகளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"தாத்தா, அப்பா சாப்பிட வாங்கல. பயத்துல வாங்குறாரு."

கரண்டி நின்றது. "யாரு தாத்தா?"

"நீங்கதான். அம்மா சொன்னாங்க." அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆனா மீச கருப்பா இருக்கு," என்றாள்.

"கருப்பாத்தான் இருக்கும். நான் என்ன கெழவனா?" என்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நீட்டினார். என் பக்கம் இல்லை, அவள் பக்கம். அவள் அட்டையை இரண்டு கையாலும் கொடுத்தாள். அது மட்டும் நான் சொல்லிக்கொடுத்தது.

முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இது என்னா பூ?"

"வெண்டக்கா!" என்றான் மகன்.

"இது?"

"என் வெரலு."

"அச்சடிச்ச கார்டு எங்க?" இப்போது என்னைப் பார்த்துக் கேட்டார்.

சொன்னேன். ஈ, சட்டை, ஏணி, மழை, எல்லாம். அக்கா மஞ்சள் தடவிக் கண்ணில் ஒற்றிக் கொடுத்ததைச் சொல்லும்போது மட்டும் சட்டியைப் பார்க்கப் போய்விட்டார். திரும்பி வந்து, "போன தடவையும் மழையா?" என்றார்.

"இல்ல மாமா."

"காரு கெட்டுப்போச்சா?"

"இல்ல."

"அக்கா தபால்ல போடச் சொன்னுச்சா?"

"ஐயோ இல்ல மாமா. அவங்களுக்குத் தெரியவே தெரியாது. நேர்ல குடுத்துட்டேன்னுதான் சொல்லி வெச்சிருந்தேன். நீங்க வராதப்பதான் உண்மையச் சொன்னேன்."

"பின்ன என்னாத்துக்கு?"

வரும் வழியெல்லாம் நல்ல காரணங்கள் நாலைந்து யோசித்து வைத்திருந்தேன். "சோம்பேறித்தனம் மாமா. ரோட்டுல ஜாம். வேற ஒண்ணும் இல்ல."

அவர் பழங்களை மாவில் தோய்த்து ஒவ்வொன்றாகச் சட்டியில் போட்டார். வரிசையில் நின்ற மலாய்க்கார அம்மா ஒருவர் எங்களையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவசரமில்லை என்பதுபோல் பையைக் கீழே வைத்தார்.

"ஒம்போது வருஷம்," என்றார் மாமா கடைசியில். "ஒரு ஜாமுக்கு." பிறகு அட்டையை மறுபடி பார்த்தார். "எந்த ஹாலு? போடவே இல்லயே?"

"எடம் பத்தல தாத்தா," என்றாள் மகள்.

"பத்தலன்னா வாயால சொல்லு. நேர்ல வந்து என்னாத்துக்கு நிக்குற?"

அவள் பள்ளியில் ஒப்பிப்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு ஹால், கிழமை, நேரம் எல்லாம் சொன்னாள். சித்தி புடவை நிறத்தையும் சொன்னாள். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டவர், என் பக்கம் திரும்பி, "போன் போடு," என்றார்.

"யாருக்கு மாமா?"

"பிரதமருக்கு. யாருக்குன்னு கேக்குறான் பாரு. அக்காவுக்குப் போடு."

அவர் கை மறுபடி மாவாகியிருந்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டு, போனை அவர் காதில் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் மாமியார், "என்னா மாப்ள?" என்றது எனக்கே கேட்டது.

"அக்கா," என்றார்.

பிறகு என் கையிலிருந்த போனை எண்ணெயும் மாவுமாக அவரே வாங்கிக்கொண்டு, கரண்டியை என்னிடம் நீட்டி, செவந்ததும் எடு என்று சைகை காட்டிவிட்டுக் குடைக்கு அந்தப் பக்கம் போனார்.

"பொண்ணுக்கு மால என்னா பூவு? ... அத நீ பேசாத, மாமன் நான்தானே வாங்கணும் ... அழாத க்கா, கடையில ஆளு நிக்குறாங்க."

சொன்னவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்ப்பதா சட்டியைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. அவரைத்தான் பார்த்தேன்.

"அபாங், ஹாங்குஸ்!" என்று அந்த மலாய்க்கார அம்மா சட்டியைக் காட்டிக் கத்தினார். சட்டியில் எல்லாம் கரியாகிக்கொண்டிருந்தது. அவசரமாக அள்ளிப் போட்டேன். மகன் ஒன்றை எடுத்துப் பார்த்து, "இதுவும் ஆமையாட்டம் தூங்குதாப்பா?" என்றான். அடுத்ததை மாவில் தோய்த்துப் போட்டேன். அதையும் கவனிக்கவில்லை.

மூன்றாவது சட்டியும் கருகியது. மாமா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்களில் ஒருவர்கூடப் போகவில்லை.